மோட்டாருக்கு ஒரு சிம், வாசலுக்கு ஒரு கேமரா

வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் வட்டாரத்தில் தொலைவிலிருந்து இயக்கும் கருவி முதலில் நுழைந்த இடம் மோட்டார் ரூம்தான். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு சிம். வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே அந்த எண்ணுக்கு ஒரு கால் போட்டால் மோட்டார் ஓடும். மறுபடி போட்டால் நிற்கும். மும்முனைக் கரண்ட் எந்நேரம் வருமோ என்று கண்விழித்து, டார்ச்சும் கம்புமாக வாழைக்குள் இறங்கி, வரப்பில் கிடப்பது ஹோஸா பாம்பா என்று பார்த்துப் பார்த்துக் கால் வைத்தவர்களுக்கு அந்தப் பெட்டியின் அருமை தெரியும். வேளாண் பொறியியல் துறை அதற்கு மானியமும் கொடுக்கிறது. அதற்குப் பிறகுதான் வாசல் கேமரா, கைரேகைப் பூட்டு, பேசினால் பதில் சொல்லும் ஸ்பீக்கர் எல்லாம் வரிசையாக வந்தன.

எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் டீக்கடையில் பிடித்துக்கொண்டார். தென்னந்தோப்பு உண்டு, மகன் துபாயில், மகள் சென்னையில். அவருக்கும் ஆச்சிக்கும் துணையாக மகன் நாலு கேமரா மாட்டிக் கொடுத்திருக்கிறான்: வாசலில் ரெண்டு, பின்கட்டில் ஒன்று, பட்டாசலில் ஒன்று.

“தம்பி, இந்தக் கேமராவ எவன் வேணாலும் உள்ள பூந்து பாத்துருவானாமே, பேப்பர்ல போட்டிருக்கான். பேசாம எல்லாத்தையும் கழத்திப் போட்டுரட்டுமா?”

கழற்ற வேண்டாம். ஆனால் அவர் கேள்வியைத் தள்ளிவிடவும் முடியாது. ரெண்டு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.

முதலில் அந்தப் படம் துபாய்க்கு எப்படிப் போகிறது என்று பார்ப்போம். வீட்டு ரவுட்டர், உள்ளேயிருந்து வெளியே போவதை விடும். வெளியேயிருந்து தானாக வருவதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். எனவே கேமரா முந்திக்கொண்டு, தன்னைச் செய்த கம்பெனியின் சர்வருக்குத் தானே போய்ப் பேச்சு வைத்துக்கொள்கிறது. துபாயில் மகன் ஆப்பைத் திறந்தால் அவன் போனும் அதே சர்வருக்குத்தான் போகிறது. சர்வர் இவனையும் அதையும் கோத்துவிடுகிறது. அண்ணாச்சி இதுவரை இந்த விஷயத்தில் ரெண்டு பேர் என்று நினைத்திருந்தார், வீடும் மகனும். நடுவில் மூன்றாவதாக ஓர் ஆள் எப்போதும் நிற்கிறான்.

அந்த மூன்றாவது ஆள் சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் அமெரிக்காவில் உண்டு. 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற கேமரா கம்பெனியின் சேவை சில மணி நேரம் படுத்து, பிறகு எழுந்தது. எழுந்தபோது யாருடைய படம் யாருக்கு என்ற கணக்கு குழம்பிப்போய், சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் காட்சித் துணுக்குகள் போய்ச் சேர்ந்தன. எவனும் திருட முயலவில்லை. வாடிக்கையாளர்களும் எந்தத் தப்பும் செய்யவில்லை.

இதைச் சொன்னதும் அண்ணாச்சி, “அப்ப கழத்திற வேண்டியதுதான?” என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

நம் பக்கத்துக் கதைகளில் பழி பெரும்பாலும் பாஸ்வேர்டின் மேல்தான் விழுகிறது. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் காட்சிகள் யூடியூபில் துண்டு துண்டாக வந்தன. முழுதும் பார்க்க டெலிகிராமில் காசு கேட்டார்கள். அகமதாபாத் சைபர் குற்றப் பிரிவு போலீஸ் தோண்டத் தோண்ட, பல மாநிலங்களில் கடை, பள்ளிக்கூடம், வீடு என்று கேமராக்கள் திறந்து கிடந்தது தெரிந்தது. ‘அட்மின்123’ போன்ற, கம்பெனியிலிருந்து வந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டதுதான் வழி என்று செய்திகள் சொல்லின. பரிசோதனை அறையில் கேமரா எதற்கு என்ற கேள்வியை அந்த மருத்துவமனையில் முன்னமே யாராவது கேட்டிருக்கலாம். பாஸ்வேர்டை விட அது பெரிய கேள்வி என்பது என் கட்சி.

உலகத்துக்கே இந்தப் பாடம் 2016இல் நடந்தது. மிராய் என்ற நச்சு நிரல், இணையத்தில் கேமராவும் டிவிஆரும் எங்கே இருக்கிறது என்று தேடிப் போய், அறுபதுக்கு மேற்பட்ட பழக்கமான பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. திறந்த கருவிகளையெல்லாம் சேர்த்து ஒரு படையாக்கியது. அந்த வருஷம் அக்டோபர் 21ஆம் தேதி இணையதளங்களின் முகவரியைத் தேடிக் கொடுக்கும் அமெரிக்காவின் டைன் நிறுவனத்தை அப்படிப்பட்ட படை தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல இடங்களில் மணிக்கணக்கில் திறக்கவில்லை. இதில் எனக்கு வியப்பு, கேமரா வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியாமல் போனது. படம் வழக்கம்போல் தெரிந்துகொண்டுதான் இருந்தது. கேமராவை அணைத்துப் போட்டால் அந்த நிரல் அழிந்துவிடும். பாஸ்வேர்டு பழையதாகவே இருந்தால் கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும்.

சட்டம் கொஞ்சம் பிந்தி வந்தது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு விற்கக் கூடாது என்று பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் விதித்தது. நம் நாட்டில் புதிதாகச் சந்தைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனை தேறியிருக்க வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் சுவரில் ஏறியவை ஏறியவைதான்.

இனி அண்ணாச்சியின் கேள்விக்கு வரலாம். வசதிக்கும் காவலுக்கும் நடுவே கோட்டை எங்கே போடுவது? இதற்கு ரிசர்வ் வங்கி ஒரு நல்ல வழி காட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். கார்டைத் தட்டினாலே பணம் போகும் வசதி வந்தபோது, பின் நம்பர் இல்லாமல் ஒரு தடவைக்கு 2,000 ரூபாய் வரைதான் விட்டார்கள். 2021 ஜனவரி 1 முதல் அதை 5,000 ஆக்கினார்கள். பின் இல்லாமல் தட்டுவது ஆபத்து என்பது அவர்களுக்குத் தெரியும். திருடன் கையில் போனாலும் ஒரு தட்டுக்கு இவ்வளவுதான் போகும் என்று அளவு கட்டிவிட்டார்கள். அதற்கு மேல் போனால் நின்று, பின் நம்பர் போட வேண்டியதுதான். யூபிஐ லைட்டும் இதே யோசனையில் வந்தது: சின்னத் தொகையைத் தனியே ஒதுக்கி வைத்து, டீக்கும் வடைக்கும் பின் போடாமல் கொடுக்கலாம், மொத்த வங்கிக் கணக்கும் அந்தச் சுலபத்துக்குத் திறந்திருக்காது.

இதே கேள்வியை ஒவ்வொரு கேமராவிடமும் கேளுங்கள் என்றேன். இது அந்நியன் கைக்குப் போனால் எனக்கு என்ன போகும்? வாசல் கேமரா போனால் தெருவும், பால்காரர் வரும் நேரமும், கோலமும் தெரியும். வீட்டில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியும், அது சின்ன விஷயமில்லை. ஆனாலும் அண்ணாச்சியும் ஆச்சியும் தனியாக இருக்கும் வீட்டுக்கு அந்தக் கேமரா தரும் பலன் அதைவிடப் பெரிது. பின்கட்டுக் கேமராவுக்கும் அதே கணக்குத்தான், துணி மாற்றும் இடமும் குளிக்கும் இடமும் அதன் கண்ணில் படாதவரை. பட்டாசல் கேமராவுக்கு மட்டும் கணக்கு மாறுகிறது. ஆச்சி தலை காயவைப்பது, மருமகள் ஊருக்கு வந்தால் பிள்ளைக்குப் பால் கொடுப்பது, பணம் எண்ணுவது, சண்டை போடுவது எல்லாம் அங்கேதான். அது வெளியே போனால் எந்தத் தொகையைக் கொடுத்தும் திருப்ப முடியாது. ஊருக்குப் போகும் நாட்களில் மட்டும் அதற்குக் கரண்ட் கொடுங்கள். மற்ற நாட்களில் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். ஆப்பில் ‘ஆஃப்’ என்று இருக்கும் பொத்தானை நான் நம்புவதில்லை. பிளக்கை நம்புகிறேன்.

“அவன் எங்கள பாக்கணும்னுதான வச்சான்?” என்றார் அண்ணாச்சி. வீடியோ கால் போட்டால் போகிறது. ரெண்டு பேரும் சம்மதித்துப் பார்த்துக்கொள்வது அது.

கேமராவை வைத்துக்கொள்வது என்று ஆகிவிட்டால், அடுத்து அது வீட்டுக்குள் எதையெல்லாம் தொட முடியும் என்று பார்க்க வேண்டும். இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. ராதாபுரம் வழியாகப் போனால் கூடங்குளம்.

2019 செப்டம்பர் 4ஆம் தேதி, கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் நச்சு நிரல் இருப்பதை, நாட்டின் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்–இன் அமைப்பு இந்திய அணுமின் கழகத்துக்குத் தெரிவித்தது. ஊருக்குத் தெரிந்தது அக்டோபர் கடைசியில்தான், டிட்ராக் என்ற அந்த நிரலின் தடயம் இணையத்தில் வெளிப்பட்ட பிறகு. அக்டோபர் 29ஆம் தேதி நிலையத்தின் தரப்பிலிருந்து மறுப்பு வந்தது: கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, இணையத்தோடு சேராதவை, தாக்குதல் சாத்தியமே இல்லை என்று. மறுநாளே அணுமின் கழகம் ஒத்துக்கொண்டது. நிர்வாக வேலைக்கான, இணையத் தொடர்புள்ள பிணையத்தில் இருந்த ஒருவரின் கம்ப்யூட்டரில் நிரல் இருந்தது உண்மை. உள்ளே இருக்கும் முக்கியமான பிணையத்திலிருந்து அது பிரிக்கப்பட்டது, உலை அமைப்புகளுக்குப் பாதிப்பு இல்லை என்றது அறிக்கை.

அணு உலைக்கு எதிரான இடிந்தகரைப் போராட்டத்தைப் பார்த்த ஊர் இது. முதல் நாள் ‘இல்லை’ என்றும் மறுநாள் ‘உண்டு, ஆனால்’ என்றும் சொன்னது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அது வேறு கட்டுரைக்கான விஷயம். இங்கே நமக்கு வேண்டியது அந்தப் பிரிவினை. ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று கெட்டது. கெட்டது அங்கேயே நின்றதற்குக் காரணம், அதிலிருந்து உலைக்குக் கம்பி இல்லை என்பது. ஆயிரம் மெகாவாட் உலையைக் காக்கிற அதே யோசனையைத் தட்டட்டி வீட்டிலும் செய்துகொள்ளலாம், செலவு இல்லாமல்.

நம் வீட்டு வைஃபையில் எல்லாம் ஒரே கூட்டமாக இருக்கிறது. பேங்க் வேலை பார்க்கும் போனும், மகளின் லேப்டாப்பும், பேரன் விளையாடும் டேப்லெட்டும், எந்த ஊர்க் கம்பெனி என்றே தெரியாத கேமராவும். கேமரா கெட்டால் அங்கிருந்து பக்கத்துக் கருவியின் கதவைத் தட்ட வழி இருக்கிறது. இன்று பெரும்பாலான ரவுட்டர்களில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று இரண்டாவது வைஃபை ஒன்றைத் திறக்கலாம். அதில் சேர்வது இணையத்துக்குப் போகும். வீட்டுக் கருவிகளோடு பேச முடியாது. அண்ணாச்சி வீட்டில் தெரியாத ஆள் வந்தால் தார்சாவில் உட்கார வைத்து மோர் கொடுப்பார், அரங்குக்குள் கூட்டிப்போக மாட்டார். கேமராவும் டிவியும் பல்பும் தார்சாவோடு நிற்கட்டும் என்றேன். அது உடனே பிடிபட்டது அவருக்கு. ‘இதுக்கு எவ்வளவு கேப்பான்?’ என்றார். இன்டர்நெட் போட்ட பையனிடம் கேட்டால் பத்து நிமிஷ வேலை.

பிரித்து வைத்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாமா என்றால், முழுசாகத் தூங்க முடியாது. ஈரானின் நதான்ஸ் அணு ஆலை இணையத்தோடு சேராததுதான். ஆனாலும் 2010இல் தெரியவந்த ஸ்டக்ஸ்நெட் நிரல் பென் டிரைவ் வழியாக உள்ளே போனது. கேமரா மெமரி கார்டைக் கழற்றி அப்படியே லேப்டாப்பில் சொருகுகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

ஆடி மாசக் காற்று கடைத் தார்ப்பாயைப் படபடவென்று அடித்தது. முப்பந்தலிலிருந்து இந்தப் பக்கம் வரைக்கும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்திருக்கும். அதை நினைத்ததும் அடுத்த விஷயம் ஞாபகம் வந்தது.

2022 பிப்ரவரி 24ஆம் தேதி, ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த காலையில், வியாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணைய மோடம்களைத் தாக்கி ஆயிரக்கணக்கில் செயலிழக்கச் செய்தார்கள். குறி உக்ரைன். ஆனால் ஜெர்மனியின் எனர்கான் கம்பெனி, ஐரோப்பாவில் சுமார் 5,800 காற்றாலைகளை அதே மோடம்கள் வழியாகத்தான் தொலைவிலிருந்து கவனித்துவந்தது. ஒரே நேரத்தில் அத்தனையோடும் தொடர்பு அறுந்தது. காற்றாலைகள் நிற்கவில்லை. தொடர்பு போனால் தன்பாட்டுக்கு ஓட வேண்டும் என்றுதான் அவற்றை அமைத்திருந்தார்கள். கம்பெனிக்குப் பெரிய தலைவலி, மோடம் மோடமாக மாற்ற வேண்டியிருந்தது. மின்சாரம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

இணையத்தோடு சேரும் எந்தச் சாமானையும் வாங்கும்போது நான் கேட்கும் கேள்வி இதிலிருந்து வந்தது: நெட் இல்லாவிட்டால் இது என்ன செய்யும்? சுவர் சுவிட்சைத் தட்டினால் எரியாத பல்பு எனக்கு வேண்டாம். கைரேகைப் பூட்டு போட்டால் சாவித் துவாரமும் இருக்க வேண்டும், அந்தச் சாவி அதே வீட்டுக்குள் இருக்கக் கூடாது. தேங்காய் உரித்து, சுண்ணாம்பு தொட்டு, வயசும் ஆன விரலில் ரேகை மங்கும். ரேஷன் கடையில் விரலை ஐந்து தடவை துடைத்துத் துடைத்து வைத்துப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

கைரேகைக்கு இன்னொரு குறையும் உண்டு. பாஸ்வேர்டு போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. ஆதார் கைரேகையை வைத்துப் பணம் எடுக்கும் வசதியில், பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளை நகலெடுத்துக் கணக்கைத் துடைத்த வழக்குகள் வட மாநிலங்களிலும் ஆந்திரத்திலும் வந்தன. அந்த வசதியைப் பயன்படுத்தாதவர்கள் ஆதார் ஆப்பில் கைரேகையைப் பூட்டிவைக்கலாம், வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

மோட்டார் பெட்டிக்கு வருவோம். அண்ணாச்சிக்கு அதன் மேல் சந்தேகமே வந்ததில்லை. அதில் படம் இல்லையே. ஆனால் அதன் எண் எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும், பெட்டி விற்ற கடைக்காரருக்குத் தெரியும், முன்பு தோப்பு பார்த்தவருக்கும் தெரியும். இந்தப் பெட்டிகள் பலவற்றில், பதிந்து வைத்த எண்களிலிருந்து வரும் காலுக்கு மட்டும் அசைகிற மாதிரி வைக்கலாம். அப்படி வைக்காவிட்டால் எவன் கூப்பிட்டாலும் ஓடும். பதிவதற்கான எஸ்எம்எஸ்ஸிலும் ஒரு பாஸ்வேர்டு உண்டு, அதுவும் பெட்டியோடு வந்ததாகவே இருக்கும். வீட்டில் மூன்று பேர் எண்ணை மட்டும் பதியுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானே நிற்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மோசமான நாளிலும் இழப்பு மிஞ்சிப்போனால் கொஞ்சம் தண்ணீர். இல்லாவிட்டால் காயில் கட்டுகிற செலவு. பிறகு, ரீசார்ஜ். மோட்டாரே போடாமல், சிம்மையும் மறந்து மாசக்கணக்கில் கிடந்தால் அந்த எண் வேறு ஒருவருக்குப் போய்விடலாம். அப்புறம் உங்கள் மோட்டாருக்குப் போடும் கால் முன்பின் தெரியாத ஒருவரை அர்த்தராத்திரியில் எழுப்பும்.

“எல்லாத்துக்கும் சாவி இந்தப் போனுல்லா” என்றார் அண்ணாச்சி, சட்டைப் பையைத் தட்டி. அவரே வந்து சேர்ந்துவிட்டார்.

போனுக்குப் போகும் முன், பேச்சு ஸ்பீக்கரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 2017இல் அமெரிக்காவில் ஒரு பர்கர் கடை விளம்பரம், டிவியிலிருந்தே வீட்டுக் கூகுள் ஸ்பீக்கரை எழுப்பிப் பேச வைத்தது. அதன் வழியாகப் பொருள் வாங்கும் வசதியை மட்டும் அடைத்துவைத்தால் எங்கள் ஊருக்கு அது பாட்டுப் பெட்டி.

போன் அப்படி இல்லை. கேமரா ஆப்பும் பேங்க்கும் ஓடிபியும் அதில்தான் இருக்கின்றன. மோசடிக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு அனுப்புகிறார்கள். வண்டிக்கு அபராதம் என்றும் அனுப்புகிறார்கள். தட்டினால் ஓர் ஆப் ஏறி, வரும் எஸ்எம்எஸ்களை அவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். பத்திரிகை படமாக வரும், பிடிஎஃப்பாக வரும். ஆப்பாக ஒருநாளும் வராது. திரைப் பூட்டுக்கு ஆறு இலக்கம் போடுங்கள், பிறந்த வருஷம் வேண்டாம். சிம்முக்கும் தனியாக ஒரு பின் போடலாம். பலர் அறியாதது இது. போனைத் திருடினவன் சிம்மை வேறு போனில் மாட்டி ஓடிபி வாங்குவதை அது தடுக்கும். போன் தொலைந்தால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கலாம். பணம் போனது தெரிந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே கூப்பிட வேண்டும். உடனே என்றால் அந்த நிமிஷம். மகனைக் கேட்டுவிட்டு, மருமகனைக் கேட்டுவிட்டு என்று அரை நாளைக் கடத்தினால் பணம் கை மாறிப் போயிருக்கும்.

இத்தனையும் பேசிய பிறகுதான் முக்கியமான ஒன்றைப் பார்க்கவில்லை என்று தோன்றியது. அந்தக் கேமரா யார் பெயரில் இருக்கிறது?

ஆப்பைத் திறந்தோம். கேமரா மாட்ட வந்த பையன் தன்னுடைய ஈமெயிலில் கணக்குத் தொடங்கி, அதிலிருந்து அண்ணாச்சிக்கும் மகனுக்கும் ‘ஷேர்’ செய்து கொடுத்திருக்கிறான். நாலு கேமராவுக்கும் சொந்தக்காரன் அவன். இவர்கள் ரெண்டு பேரும் பார்வையாளர்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அண்ணாச்சியிடம் ஈமெயில் இல்லை, ஓடிபி வருகிற போன் சார்ஜில் கிடந்தது, வேலையை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். எந்த ஊரிலும் இப்படித்தான் நடக்கிறது. அவனுடைய அந்த ஒரு கணக்கில் இன்னும் எத்தனை வீடு இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால்தான் விஷயத்தின் கனம் தெரியும். அவன் நல்லவனாகவே இருக்கட்டும். அவன் பாஸ்வேர்டு ஒருநாள் போனால் அத்தனை வாசலும் சேர்ந்து போகும்.

இந்தக் கேமராக்கள் பெரும்பாலும் ஒரு கணக்கில் இருக்கும்வரை இன்னொரு கணக்கில் ஏறாது. அவன் தன் ஆப்பிலிருந்து நீக்க வேண்டும். பிறகு கேமராவின் ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்து, புதுக் கணக்கில், புதுப் பாஸ்வேர்டோடு, அந்தக் கெஸ்ட் வைஃபையில் சேர்க்க வேண்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தால் அதையும் போட்டுவிட வேண்டும்.

அண்ணாச்சி அங்கேயே அவனைக் கூப்பிட்டார். சாயங்காலம் வருகிறேன் என்றான்.

“யாரு பேருல போட? மவன் பேருலயா?”

உங்கள் பேரில்தான் என்றேன். வீடு உங்களுடையது. மகன் பேரில் இருந்தால் ஒவ்வொரு ஓடிபிக்கும் துபாய்க்குக் கூப்பிட வேண்டும், அவன் நம்பரை மாற்றினால் அதுவும் போச்சு. உங்கள் பேரில் ஒரு ஈமெயில் தொடங்குவோம், மகனுக்கு ஷேர் கொடுப்போம். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, பத்திரங்கள் இருக்கிற பீரோவில் வையுங்கள். தாளில் எழுதக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். ரஷ்யாக்காரன் உங்கள் பீரோவைத் திறக்க வள்ளியூருக்கு வரப் போவதில்லை.

“ஆச்சிகிட்டயும் எடம் சொல்லி வைக்கேன்” என்றார், டீக்குக் காசு கொடுக்க போனை எடுத்துக்கொண்டே.